கேம் நடுவில் பொட்டென்று அணையும் கணினி: மலையூரில் எங்கே தேடுவது

கோத்தகிரியில் கணினி பழுது பார்க்கிறேன். டிசம்பர், ஜனவரி வந்துவிட்டால் என் மேஜைக்கு வரும் கேபினெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே புகார்தான்: "அண்ணா, படம் பார்த்தா நல்லா ஓடுது. கேம் போட்டா மட்டும் பொட்டுன்னு ஆஃப் ஆயிடுது." அதே கேபினெட்டை என் கடையில் மாட்டி மூன்று மணி நேரம் விளையாட விட்டாலும் ஒன்றும் ஆகாது. கொண்டுவந்த தம்பி என்னைச் சந்தேகமாகப் பார்ப்பான். வீட்டுக்குப் போய் மாட்டினால் அன்று சாயங்காலமே திரும்ப அணையும்.

இப்படிப் பலமுறை அவமானப்பட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. பல நேரம் கோளாறு பெட்டிக்குள் இல்லை, வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் சுவரில் தொடங்கி உள்ளே போகிறேன். கீழே இருப்பதும் அதே வரிசைதான். உங்கள் கணினி எப்படி அணைகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஆனால் அதற்கு முன் அடுத்த பகுதியை மட்டும் படித்துவிடுங்கள்.

## ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன்

அடுத்த முறை அணையும்போது பதறாமல் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். அணைந்தபின் தானாகவே திரும்ப எழுகிறதா, அப்படியே கிடக்கிறதா? அந்த நொடியில் அறை விளக்கு ஒரு சிமிட்டு சிமிட்டியதா? யூபிஎஸ் கத்தியதா? ஆட்டம் தொடங்கி எத்தனையாவது நிமிடம்? இதை ஒரு தாளில் தேதி, மணியோடு குறித்து வையுங்கள். ஐந்து முறை குறித்தீர்களென்றால் பாதி வேலை முடிந்தது. ஒரு வீட்டில் அந்தத் தாளைப் பார்த்ததும் ஐந்துமே மாலை 6:45க்கும் 7:30க்கும் நடுவில் இருந்தன. கேபினெட்டைத் தொடக்கூட இல்லை, "வீட்டில் யார் அந்த நேரத்தில் குளிக்கிறார்கள்?" என்றுதான் கேட்டேன்.

இரண்டு ஏற்பாடுகளும் செய்துகொள்ளுங்கள். விண்டோஸில் சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி என்று போய், தானாக ரீஸ்டார்ட் ஆகும் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் செயலிழந்தால் இனி பிழையைச் சொல்லும் நீலத்திரை (புதிய விண்டோஸ் 11இல் அது எழுத்தோடு கூடிய கருப்புத்திரை) அப்படியே நிற்கும். நீலத்திரை இல்லாமல் அணைந்தால் அது மின்சாரம் போனது அல்லது தற்காப்புக்காக அணைந்தது. இரண்டாவது, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, சென்சார் அளவுகளைக் கோப்பில் பதிவு செய்ய விட்டுவிட்டு ஆடுங்கள். அணைந்தபின் அந்தக் கோப்பின் கடைசி வரியைப் பாருங்கள். பிராசசர் 68 டிகிரி, கிராபிக்ஸ் கார்டு 71 டிகிரி என்று இருந்தால் சூட்டைப் பற்றிய பகுதியை நீங்கள் படிக்கவே வேண்டாம்.

விண்டோஸில் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் இவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று சிவப்பாக ஒன்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு கெர்னல் கெட்டுவிட்டது என்று விண்டோஸை மறுபடி போட்டவர்கள் ஏராளம். ஒழுங்காக ஷட்டவுன் செய்யாமல் நின்றுபோனது என்பதைத்தான் அந்தக் குறிப்பு சொல்கிறது. ஏன் என்று சொல்வதில்லை. அதன் விவரத்தில் பக்செக் கோடு (விண்டோஸ் செயலிழந்தால் பதிவாகும் பிழை எண்) 0 என்று இருந்தால் விண்டோஸ்மேல் பழி போடாதீர்கள்.

## விளக்கும் சிமிட்டியது, கணினியும் போனது

மலையில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். பைக்காராவிலும் குந்தாவிலும் மின்சாரம் எடுத்துச் சமவெளிக்கு அனுப்பும் மாவட்டம் இது. குளிர்கால மாலையில் நம் வீட்டு ப்ளக்கில் மீட்டரை வைத்தால் 185 வோல்ட் காட்டும் தெருக்களும் இங்கேதான் இருக்கின்றன. ஏழு மணிக்கு ஒவ்வொரு வீட்டிலும் கீசர், அறை ஹீட்டர், இன்டக்ஷன் அடுப்பு. வரிசையில் கடைசி வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

படம் பார்க்கும்போது அணையாதது கேமில் மட்டும் ஏன் அணைகிறது? சுவர் மின்சாரத்தை வாங்கிக் கணினிக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஒரு கெப்பாசிட்டர் கொஞ்சம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். கரண்ட் ஒரு கணம் விழுந்தால் அதை வைத்துத்தான் கணினி தாக்குப்பிடிக்கிறது. முழுச் சுமையில் ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ்கூட ஏறக்குறைய 20 மில்லிநொடியில் கையை விரித்துவிடும். சும்மா இருக்கும் கணினியோ அதே தேக்கத்தில் பல மடங்கு நேரம் ஓடும். அதனால் ஒரே சிமிட்டலில் அக்கா அறையில் பிரவுசர் திறந்திருக்கும் கணினி பிழைக்கிறது, உங்களுடையது போகிறது.

காசில்லாத சோதனை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்பைக் பஸ்டர், டேபிளுக்கு அடியில் மூன்று ப்ளக்கை ஒன்றாக்கும் அந்த வெள்ளைக் கட்டை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பவர் கார்டை நேராகச் சுவர்ப் பாயின்டில் செருகுங்கள். ப்ளக் தளர்ந்து ஆடினால் வேறு பாயின்ட். வோல்டேஜ் குறைந்தால் எஸ்எம்பிஎஸ் அதற்கு ஈடாக அதிக ஆம்பியர் இழுக்கும். 230 வோல்ட்டில் 2 ஆம்பியர் இழுக்கும் கணினி 180 வோல்ட்டில் இரண்டரைக்கு மேல் போய்விடும். லூஸ் கான்டாக்ட் இருந்தால் அந்த இடம் அப்போதுதான் சூடாகும். பவர் கார்டின் கேபினெட் பக்க முனையையும் நன்றாக அழுத்திவிடுங்கள். எவ்வளவு சாதாரணமாகத் தோன்றினாலும், இதை மட்டும் செய்துவிட்டு நான் காசு வாங்காமல் திரும்பிய வீடுகள் உண்டு.

சில நூறு ரூபாய் சோதனை. ப்ளக்கில் செருகினால் வோல்ட் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும். அதைக் கணினிப் பாயின்டுக்குப் பக்கத்தில் செருகிவிட்டு ஒருவரைக் கீசரைப் போடச் சொல்லுங்கள். போட்டதும் 15, 20 வோல்ட் சடாரென்று இறங்குகிறதா? அப்புறம் அதே சோதனையை மீட்டர் போர்டுக்குப் பக்கத்தில் உள்ள பாயின்டில் செய்யுங்கள். அங்கே இறங்காமல் உங்கள் அறையில் மட்டும் இறங்கினால் வீட்டு வயரிங் மெலிது, அல்லது நடுவில் ஒரு இணைப்பு தளர்ந்திருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அங்கேயும் இறங்கினால் வீட்டுக்கு வரும் லைனில் பிரச்சினை. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987இல், எந்த நேரத்தில் எத்தனை வோல்ட் என்று குறித்ததைச் சொல்லிப் புகார் பதியுங்கள். "லோ வோல்டேஜா இருக்கு" என்று பொதுவாகச் சொல்வதைவிட "தினமும் ஏழு மணிக்கு 182" என்பதற்கு மதிப்பு அதிகம்.

எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படியுங்கள். உள்ளே வரும் மின்சாரம் 100–240 என்று அச்சிட்டிருந்தால் 180 வோல்ட் அதற்குப் பெரிய விஷயமில்லை, சிமிட்டலுக்கு மட்டும்தான் பயப்பட வேண்டும். 200–240 என்றிருந்தால் உங்கள் ஊர் மாலை வோல்டேஜுக்கு அது ஏற்றதில்லை.

ஸ்டெபிலைசர் வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் தயங்குவேன். ரிலே வைத்த ஸ்டெபிலைசர் ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்கு மாறும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வருமே, அந்த இடைவெளியே பலவீனமான எஸ்எம்பிஎஸ்ஸை அணைத்துவிடும். ஃபிரிட்ஜுக்கு வைத்திருந்த பழைய ஸ்டெபிலைசரைக் கணினிக்கு மாற்றிய ஒரு வீட்டில் வாரம் ஒருமுறை அணைந்தது தினமும் மூன்றுமுறை ஆனது. அந்தக் காசை யூபிஎஸ்ஸில் போடுங்கள்.

ப்ளக் பாயின்ட் பழுப்பேறியிருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் வரும்வரை அந்தப் பாயின்டைத் தொடக்கூடாது.

## யூபிஎஸ் கத்திவிட்டு அணைகிறது

யூபிஎஸ்ஸை ஒதுக்கிவிட்டு இரண்டு நாள் நேராகச் சுவரில் மாட்டி ஆடுங்கள். அணையவில்லை என்றால் குற்றவாளி தெரிந்துவிட்டது.

முதல் சந்தேகம் பேட்டரி. வீட்டு யூபிஎஸ்களில் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். இங்கே ஒரு கூடுதல் வம்பு: மாலையில் வோல்டேஜ் ரொம்ப இறங்கினால் கரண்ட் போகாமலே யூபிஎஸ் பேட்டரிக்குத் தாவும். உங்களுக்கு விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், கணினி மட்டும் அணையும். செத்த பேட்டரி என்பது யாருக்கும் தோன்றாது. பேட்டரி மாற்ற ஆயிரத்துக்கு அக்கம்பக்கம் ஆகும்.

அடுத்தது அளவு. பெட்டியில் 600 என்று பெரிதாக எழுதியிருக்கும். அது விஏ, வாட் அல்ல. 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். 1100 விஏ என்றால் 660 வாட் அளவில் இருக்கும். கேம் ஓடும்போது பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் சேர்ந்து 360ஐத் தாண்டுவது இன்று சர்வ சாதாரணம். மானிட்டரையும் ஸ்பீக்கரையும் யூபிஎஸ்ஸிலிருந்து எடுத்து வெளியே மாட்டிப் பாருங்கள். அணைவது நின்றால் யூபிஎஸ் சிறியது என்று அர்த்தம்.

பேட்டரி புதிது, அளவும் போதும், ஆனாலும் கரண்ட் போகும் அந்தக் கணத்தில் அணைகிறதா? யூபிஎஸ் தரும் கட்டம் கட்டமான அலை சில எஸ்எம்பிஎஸ்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை. ப்யூர் சைன்வேவ் யூபிஎஸ்தான் வழி. விலை கூடும். வாங்கும் முன் நண்பனுடையதை ஒருநாள் வாங்கிவந்து சோதித்துவிடுங்கள்.

## அணைந்து கிடக்கிறது, பட்டனை அமுக்கினாலும் எழவில்லை

விளக்கு சிமிட்டவில்லை. ஆட்டம் திக்கவும் இல்லை. சூடான சண்டைக்காட்சியில் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பவர் பட்டனை அமுக்கினால் மூச்சே இல்லை. பின்னால் எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் பொறுத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல எழுகிறது.

இது எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. அதனிடம் கேட்ட கரண்ட் அதன் எல்லையைத் தாண்டியிருக்கிறது. எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அது தன் வேலையைத்தான் செய்தது.

செலவில்லாமல் உறுதி செய்ய ஒரு வழி: எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கிராபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதமாகக் குறையுங்கள், ஃபிரேம் ரேட்டை (விநாடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பதை) 60இல் கட்டுங்கள். வழக்கமாக அணையும் அதே ஆட்டத்தை அதே இடத்தில் ஆடுங்கள். இரண்டு மாலை அணையாமல் ஓடினால் பிரச்சினை மின்சாரம் கொடுக்கும் பக்கத்தில்தான். கையில் காசு சேரும்வரை இப்படியே ஆடிக்கொண்டும் இருக்கலாம். நூறு ஃபிரேம் 60 ஆவதால் யாரும் சாகப்போவதில்லை.

பிறகு கேபிளைப் பாருங்கள். கணினியை அணைத்து, பவர் கார்டை உருவிவிட்டு, பட்டனை இரண்டுமுறை அமுக்கி மிச்சத்தை வடித்துவிட்டுத்தான் உள்ளே கை. கார்டில் இரண்டு 8 பின் சாக்கெட் இருந்து, ஒரே வயரின் இரட்டை முனைகளை இரண்டிலும் செருகியிருந்தால், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனி வயர்களை இழுங்கள். ஒரு 8 பின் இணைப்புக்கு 150 வாட் என்பதுதான் கணக்கு. எல்லாவற்றையும் ஒரு வயரின் தலையில் கட்டக்கூடாது. இங்கே ஒரு எச்சரிக்கை: கழற்றி மாட்டும் வயர் உள்ள எஸ்எம்பிஎஸ்களில், ஒரு கம்பெனி வயரை இன்னொன்றில் செருகாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே பின் வரிசை மாறியிருக்கும். ஒரு ஹார்டு டிஸ்க்கும் ஒரு எஸ்எஸ்டியும் இப்படிப் புகைந்து போனதை என் மேஜையிலேயே பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அளவு. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170 வாட். அதற்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்கிறது அதைத் தயாரிக்கும் நிவிடியா. 3070க்கு 650, 3080க்கு 750. இவ்வளவு இடைவெளி எதற்கு என்று தோன்றும். கார்டு ஒரு கண்ணிமைப்பைவிடக் குறைந்த நேரத்துக்குத் தன் அளவைப்போல் இரு மடங்கு வரை எகிறி இழுக்கும், அதற்காகத்தான். லேபிளில் மொத்த வாட்டை நம்பாமல் 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். '450 வாட்' என்று பளபளப்பாக எழுதிவிட்டு 12 வோல்ட்டில் 18 ஆம்பியர் மட்டும் தரும் மலிவு எஸ்எம்பிஎஸ்கள் உண்டு. 12 பெருக்கல் 18, வெறும் 216 வாட். கிராபிக்ஸ் கார்டுக்கு முப்பதாயிரம் போட்டுவிட்டு, கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

அளவு சரி, வயர் சரி, ஐந்தாறு வருடப் பழைய எஸ்எம்பிஎஸ் என்றால் நண்பனின் எஸ்எம்பிஎஸ்ஸைக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை. பேப்பர் கிளிப்பை வைத்து ஓட்டிப் பார்ப்பது ஃபேன் சுற்றுகிறதா என்று மட்டும்தான் சொல்லும். சுமையில் தாங்குமா என்று சொல்லாது.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். வாரன்ட்டி இருந்தால் அனுப்புங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள். பழுது பார்த்த எஸ்எம்பிஎஸ்ஸை நான் கேமிங் கணினியில் மாட்ட மாட்டேன்.

### சண்டையில் அல்ல, மெனு திரையிலேயே அணைகிறது

இதைக் கேட்டு நிறையப் பேர் சிரிப்பார்கள். மெனுவில் வரைவதற்கு ஒன்றுமில்லை என்பதால் கார்டு விநாடிக்கு ஆயிரம் ஃபிரேம் வரை தறிகெட்டு ஓடும். கேபினெட்டிலிருந்து மெல்லிய கீச்சென்ற ஒலி வந்தால் அதுதான் அடையாளம். 2021இல் நியூ வேர்ல்டு என்ற விளையாட்டின் சோதனைப் பதிப்பில் மெனு திரையிலேயே விலையுயர்ந்த ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் சில பழுதாகி உலகம் முழுக்கப் பேச்சானது. விளையாட்டு அமைப்பில், ஃபிரேமை மானிட்டரின் வேகத்தோடு கட்டிவைக்கும் வி-சிங்க்கைப் போடுங்கள் அல்லது ஃபிரேம் எல்லை வையுங்கள். அதோடு நிற்காவிட்டால் மேலே சொன்ன எஸ்எம்பிஎஸ் வரிசைக்குத் திரும்புங்கள்.

## இருபது நிமிடம் நன்றாக ஓடி, திக்கி, பிறகு அணைகிறது

"ஊட்டி குளிர்ல எப்படிண்ணா சூடாகும்?" இந்தக் கேள்விக்கு இனி பதில் சொல்லி மாளாது. வெளியே 8 டிகிரி இருக்கலாம். ஜன்னலை அடைத்து, ஹீட்டர் போட்டு, கதவிடுக்கில் துணி திணித்த அறைக்குள் 26 இருக்கும். போதாததற்கு ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிக்கொண்டு போகும் சூடு குறைகிறது. கோயம்புத்தூரில் சரியாக ஓடிய கணினி இங்கே வந்து சூடாவதில் ஆச்சரியமில்லை.

சூட்டின் அடையாளம், அணைவதற்கு முன் அது கெஞ்சும் என்பதுதான். பிராசசர் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆட்டம் திக்கும், ஃபேன் அலறும், அதற்கும் சரிப்படாவிட்டால்தான் அணையும். உடனே பட்டனை அமுக்கினால் எழுந்து, முன்பைவிடச் சீக்கிரம் மறுபடி அணையும். இன்டெல் பிராசசர்கள் பெரும்பாலும் 100 டிகிரியில் வேகத்தைக் குறைக்கும், ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசை 90–95இல். ரைசன் 7000 பிராசசர் கனமான வேலையில் 95ஐத் தொடுவது அதன் வடிவமைப்பே. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பதிவுக் கோப்பின் கடைசி வரிகள் இந்த எல்லைகளில் முட்டி நிற்கின்றனவா என்று பாருங்கள்.

கேபினெட் எங்கே இருக்கிறது? மேஜைக்கடியில், சுவரோடு ஒட்டி, மேலே கம்பளி மூடி. சிரிக்காதீர்கள், பனி இறங்கும் என்று கேபினெட்டுக்குச் சால்வை போர்த்திய பாட்டியை எனக்குத் தெரியும். கால் காயட்டும் என்று பின்பக்கக் காற்றுவழிக்கு நேராகப் பாதத்தை வைத்துக்கொள்ளும் பையன்களையும் தெரியும். இன்னொரு வீட்டில் மேல் ஓட்டையின்மேல் பூனை தூங்கும். பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள், பக்க மூடியைக் கழற்றிவிட்டு ஒருநாள் ஆடுங்கள். பத்து டிகிரி இறங்கினால் விடை கிடைத்துவிட்டது.

தூசி. நம்மூர்த் தூசி தனி ரகம். கம்பளி நூலும் விறகடுப்புப் புகையும் ஈரமும் சேர்ந்து பிராசசரின் சூட்டை வாங்கும் உலோகமான ஹீட்சிங்க்கின் பற்களுக்கு நடுவே ஜமுக்காளம் போல ஒட்டியிருக்கும். ஊதினால் போகாது. ஃபேனைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் கிளறி, அப்புறம் ப்ளோயர் அடியுங்கள். ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் வெறித்தனமாகச் சுற்ற விடாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸையும் வெளியிலிருந்தே ஊதுங்கள்.

கூலர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா? இன்டெல்லோடு வரும் கூலரில் நான்கு பிளாஸ்டிக் முளைகள். அவற்றில் ஒன்று எழும்பியிருந்தாலே போதும். கேபினெட்டைப் பஸ்ஸில் கொண்டுவந்தவர்கள் இதை முதலில் பாருங்கள். வளைவுக்கு வளைவு குலுங்கியதில் முளை விடுபட்டிருக்கும்.

தெர்மல் பேஸ்ட், அதாவது பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் பசை. நான்கைந்து வருடம் ஆகியிருந்தால் காய்ந்திருக்கும். பழையதை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, பட்டாணி அளவு புதியது வைத்து மாட்டுங்கள். ரைசன் 5000 வரையிலான ஏஎம்4 பிராசசர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கேளுங்கள்: காலைக் குளிரில் கூலரைப் பிடுங்காதீர்கள். உறைந்த பேஸ்ட்டோடு பிராசசரும் சாக்கெட்டை விட்டு வந்துவிடும், பின் வளையும். பத்து நிமிடம் கணினியை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள்.

வாட்டர் கூலர் என்றால் பம்ப் ஓடுகிறதா என்று பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரையில்) அதன் சுற்று வேகத்தைப் பாருங்கள். 0 என்றால் உடனே நிறுத்துங்கள். கடைக்கு எடுத்துப்போக வேண்டிய இடம் அதுதான். கிராபிக்ஸ் கார்டைப் பிரித்து பேஸ்ட் மாற்றுவதையும், பழக்கமில்லாவிட்டால், என்னைப்போல் ஒருவரிடம் விட்டுவிடுங்கள்.

## திரை மட்டும் கருப்பு, உள்ளே ஃபேன் இரைகிறது

இது அணைந்தது அல்ல. கணினி உயிரோடு இருக்கிறது, கிராபிக்ஸ் கார்டு மயங்கிவிட்டது. முதலில் ஹெச்டிஎம்ஐ வயரின் இரு முனைகளையும், பிறகு கார்டின் பவர் இணைப்பையும் கழற்றி மாட்டுங்கள். கார்டு கனத்தால் முன்பக்கம் தொங்குகிறதா பாருங்கள். ஒரு மரத்துண்டை முட்டுக்கொடுத்தாலே சரியான கேஸ்கள் உண்டு. டிரைவரை முழுவதும் நீக்கிப் புதிதாகப் போடுங்கள்.

புதிய கார்டுகளில் சின்னச் சின்னப் பின்கள் கொண்ட 12 வோல்ட் இணைப்பு இருந்தால் அதைக் கண்ணால் பார்த்து, கடைசிவரை அழுத்தியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த புதிதில் இந்த இணைப்புகள் உருகியது பெரிய செய்தியானது. சரியாக உள்ளே போகாத முனை அதற்கு ஒரு காரணம். பிளாஸ்டிக் நிறம் மாறியிருந்தால் மறுபடி ஆன் செய்யாதீர்கள்.

## மழைக்காலத்தில் மட்டும், கேம் ஆடினாலும் ஆடாவிட்டாலும்

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் மழையிலும், குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி மழையிலும் இந்தப் புகார் வரும். நேரம் காலம் இல்லாமல் அணையும். சில நேரம் தானாகவே ஆன் ஆகும். வீட்டில் பேய் என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள்.

பேய் பெரும்பாலும் பவர் பட்டன்தான். ஈரத்தில் சுவிட்சின் உள்ளே துரு பிடித்து, யாரோ அமுக்கிப் பிடித்தது போல ஒட்டிக்கொள்ளும். நான்கு விநாடி அமுக்கினால் கணினி அணையும் என்பது எல்லா மதர்போர்டுக்கும் பொது. மதர்போர்டில் 'பவர் எஸ்டபிள்யூ' என்று எழுதிய இரண்டு பின் வயரை உருவிவிடுங்கள், பக்கத்தில் ரீசெட் வயரையும். அந்த இரண்டு பவர் பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் கணினி எழும். அப்படியே ஒரு நாள் ஆடுங்கள். அணையாவிட்டால் ரீசெட் பட்டனின் வயரைப் பவர் பின்னில் செருகிவிடுங்கள். இனி ரீசெட்தான் பவர். ஐந்து காசு செலவில்லை.

விடுமுறைக்குப் பிறகு பூட்டிய வீட்டைத் திறந்து வந்தாலோ, இரவுப் பனியில் கேபினெட்டை வண்டியில் கொண்டுவந்தாலோ உடனே ஆன் செய்யாதீர்கள். குளிர்ந்த இரும்பில் அறைக்காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படியும். மூடியைத் திறந்து நான்கைந்து மணி நேரம் விடுங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்கிறதா? எர்த் இல்லை. அதனால் மட்டும் கணினி அணைவது அபூர்வம்தான். ஆனால் இது கேம் பற்றிய கவலை இல்லை, உயிரைப் பற்றியது. பாறை நிலத்தில் போட்ட எர்த் குழி மாசி, பங்குனியில் காய்ந்து சரியாக வேலை செய்யாமல் போகும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். கீசர் போட்டதும் கணினியோடு வீடே இருண்டு போர்டில் மின்கசிவைக் கண்டு கரண்டை வெட்டும் ஆர்சிசிபி விழுந்தால் அதற்கும் அவரேதான்.

## நீலத்திரை வந்து நிற்கிறது

இது வேறு கதை. பயாஸில் ரேமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஓர் இரவு ஓட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டுங்கள். திரையில் உள்ள பிழைப்பெயரைப் படம் எடுத்து வையுங்கள், அது இல்லாமல் நான் ஒன்றும் சொல்ல முடியாது.

## கடைக்குக் கொண்டுவருவதென்றால்

கேபினெட்டை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அதே பவர் கார்டு, அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதே யூபிஎஸ் எல்லாம் வேண்டும். நேரம் குறித்த தாளும் பதிவுக் கோப்பும் இருந்தால் பாதி வேலை குறையும். கனமான கிராபிக்ஸ் கார்டு என்றால் கழற்றித் துணியில் சுற்றித் தனியாக மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் மதர்போர்டு கீழே வருமாறு கேபினெட்டைப் படுக்கவைத்துக் கொண்டுவாருங்கள், வளைவுகளில் கார்டு சாக்கெட்டை இழுக்காது. எந்த ஆட்டம், எந்த இடத்தில் அணைந்தது என்பதையும் சொல்லுங்கள். அந்தச் சேவ் கோப்பு ஏற்கெனவே உள்ளே இருந்தால் நானே ஆடிப் பார்த்துவிடுவேன். அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை.